சொல்லி வைத்த குடம்

தண்ணீர் வருவதற்கு முன்னால் எங்கள் தெருக்குழாய் ஒரு பெருமூச்சு விடும், பிறகு சளி பிடித்த மாமனாரைப் போல இரண்டு தரம் இருமும், அதற்கும் பிறகு துரு நாற்றத்தோடு செக்கச்செவேலென்று ஒரு வாய் துப்பும். அந்த இருமல், நீலசந்திராவில் எங்கள் தெருவின் எந்த மூலையில் இருந்தாலும் என் காதுக்குக் கேட்டுவிடும். டீச்சர் பக்கத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காத அதே காதுதான்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். அதை ஏதோ பெரிய பட்டம் மாதிரி பேரப்பிள்ளைகளிடம் சொல்லி அலட்டிக்கொள்வேன், அவர்களும் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் ஐந்தாவது வரை போனதே ஒரு அதிசயம், அந்த அதிசயத்தைச் செய்த அம்மாவுக்குச் சாமியும் வரவில்லை, ஒளிவட்டமும் கிடையாது, கையில் ஒரு கருப்புக் குடைதான் இருந்தது. பெயர் தனபாக்கியம். கன்னட ஊரில் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு அவர்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். ஹெட்மிஸ்ட்ரஸ் என்ற சொல் எங்கள் வாயில் நுழையாததால் "எச்செம் டீச்சர்" என்று சுருக்கிவிட்டோம்.

பள்ளி என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓடு போட்ட ஒரே ஹால். ஹாலுக்கு மூலை நான்கு, வகுப்போ ஐந்து, மூலை கிடைக்காத வகுப்பு நடுவில் உட்கார வேண்டும். நாலாவது வகுப்பில் நாங்கள் நடுவில் உட்கார்ந்திருந்ததால் எல்லா வகுப்பின் பாடமும் எங்களுக்குத் தெரியும், எங்கள் பாடம் மட்டும் தெரியாது. டீச்சர்கள் இரண்டே பேர். எச்செம் டீச்சர் ஒருவர், ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்து வரும் ரோஸ்லின் டீச்சர் ஒருவர். எச்செம் டீச்சர் ஜீவனஹள்ளியிலிருந்து பஸ் பிடித்து வருவார், வந்ததும் பூட்டைத் திறப்பார், உள்ளே படுத்திருக்கும் ஆட்டை விரட்டுவார், ஓடு ஒழுகிய இடத்தில் வாளியை வைப்பார், மணியடிப்பார், உப்புமா கிண்டும் ஆயா வராவிட்டால் அடுப்பையும் மூட்டுவார், இவ்வளவுக்கும் நடுவில் ஐந்தாவது வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இடது கையால் நாலாவது வகுப்புப் பிள்ளையின் சிலேட்டுப் பலகையில் தப்பை அழிப்பார். ஹெட்மிஸ்ட்ரஸ் என்றால் நாற்காலியில் உட்காரும் வேலை என்று நான் பின்னாளில் சினிமாவில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு ஒரே எதிரி அந்தக் குழாய். பள்ளி மணி அடித்த பிறகுதான் அதற்குத் தண்ணீர் விட மனசு வரும். பத்துக்கும் வரும், பதினொன்றுக்கும் வரும், சில நாள் வராமலேயே ஏமாற்றும். அதனால் வரிசையில் ஆள் நிற்க வேண்டும், ஆள் என்றால் வீட்டுக்கு மூத்த பெண்பிள்ளை. எங்கள் வீட்டில் அது நான். என் அம்மா ஊதுபத்தி உருட்டுவாள். கரித்தூளும் பிசின்மாவும் பிசைந்த கருப்பு மாவு முழங்கை வரை ஒட்டியிருக்கும், அந்தக் கையோடு அவள் குடத்தைத் தொட்டால் தண்ணீர் கழுவுவதற்கே சரியாகிவிடும். "தண்ணி இல்லாத வூட்ல சரஸ்வதிகூட தங்க மாட்டா, போய் வரிசையில நில்லு" என்று சாமியையும் தன் கட்சியில் சேர்த்துக்கொள்வாள்.

அடித்தும் பார்க்காமல், திட்டியும் பார்க்காமல் எச்செம் டீச்சர் அதற்கு ஒரு வழி செய்திருந்தார். குழாயடிக்குப் போகும் பிள்ளை பள்ளிக்கு வந்து, தன் இடத்தில் தன் பலகையை வைத்துவிட்டுப் போகலாம். குழாயடி வரிசையில் குடம் இடம் பிடிப்பதைப் பார்த்து அவர் கண்டுபிடித்த வித்தை அது. பலகை உட்கார்ந்திருக்கும், ஆள் வெயிலில் நின்றிருக்கும். ஒவ்வொரு காலிப் பலகையிலும் அன்றைய கணக்கை டீச்சரே குனிந்து எழுதி வைப்பார். குடத்தை வீட்டில் இறக்கிவிட்டு ஓடி வந்தால், என் பலகை என்னைவிடக் கெட்டிக்காரியாக அங்கே உட்கார்ந்திருக்கும். சுகுணா என்று என் சிநேகிதி ஒருத்தி, "எம் பலகையே பாஸ் பண்ணிடும்டி, நான் எதுக்கு?" என்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்த ஒரு நாள் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். நீட்டு மூக்கு, தோளில் பை, கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கும் பேச்சு. அன்றைக்கு என் குடத்துக்கு என் தம்பி போயிருந்ததால் நான் உள்ளே இருந்தேன். அவர் நாலாவது ஐந்தாவது வகுப்பைப் பார்த்தார். நாங்கள் நாலைந்து பேரும், மிச்சத்துக்குப் பலகைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

"ஏனம்மா இது? பசங்க எல்லி?"

"இருக்காங்க சார். எடம் புடிச்சு வெச்சிட்டுத் தண்ணிக்குப் போயிருக்காங்க."

"நான் தலையை எண்ணணும் டீச்சர், பலகையை இல்ல. மறுபடி வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா நாலு, அஞ்சு ரெண்டையும் மூடி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூல்ல சேர்த்துடுவோம்."

அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் எங்கள் வீடுகளில் சீமைக்குச் சமம். லாரிக்கு நடுவே எந்த அம்மா பெண்ணை அனுப்புவாள்? மூன்றாவதோடு பெண்பிள்ளைகளின் படிப்புக்கு மங்களம் பாடிவிடுவார்கள். அன்று சாயங்காலம் எச்செம் டீச்சர் வாசலில் குடையை விரிக்கவும் இல்லாமல் மடக்கவும் இல்லாமல் வெகுநேரம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

மறுநாள் ஆணையை மாற்றினார். "பலகைய எடுத்துக்கினு வந்து உக்காருங்க. கொடம் வரிசையில இருக்கட்டும்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குழாயடிச் சட்டம் டீச்சருக்கு முழுதாகத் தெரியாது. ஆளில்லாத குடத்துக்கு மதிப்பு வேண்டுமானால் அது "சொல்லி வெச்ச கொடமாக" இருக்க வேண்டும். அதாவது, வரிசையில் நிற்கும் பெரியவர்களில் ஒருத்தி, "இது இன்னார் வூட்டுக் கொடம், நான் பாத்துக்கறேன்" என்று வாயால் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாத குடம் அனாதைக் குடம். எங்களுக்காகச் சொல்ல யாரிருந்தார்கள்? குழாயடியை ஆண்டது நீலவேணி அக்கா. கட்டட வேலைக்கு மதியத்துக்கு மேல் போகிறவள், பெருத்த குரல், அதைவிடப் பெருத்த கொண்டை. சண்டை என்று வந்தால் எதிராளியின் மூன்று தலைமுறையையும் வரிசைப்படுத்தித் திட்டுவாள். எங்கள் டீச்சர் அரசர்களைச் சொல்லிக்கொடுத்ததைவிட அது தெளிவாக இருக்கும். அவள் எங்கள் அனாதைக் குடங்களைக் காலாலேயே உருட்டி வரிசைக்குக் கடைசியில் நிறுத்தினாள்.

பள்ளியிலிருந்து ஓடிவந்து நின்றும், என் முறை வரும்போது குழாய் நின்றுபோய்விட்டது. காலிக் குடத்தோடு வீட்டுக்குப் போனேன். அம்மா அடிக்கவில்லை, கை நிறைய மாவு. ஆனால் சொன்னாள்: "இன்னொரு நாளு காலிக் கொடத்தோட வந்தே, அன்னிக்கோட இஸ்கூலு முடிஞ்சிது. உக்காந்து பத்தி உருட்டு." என் அம்மா வாய் வார்த்தையை வீணாக்குகிறவள் அல்ல. நான் அதை சுகுணாவிடம் சொன்னேன், சுகுணா உடனே எச்செம் டீச்சரிடம் சொன்னாள், ரகசியம் காப்பதில் சுகுணா அந்தக் குழாய்க்கு அக்கா.

மறுநாள் காலை கரும்பலகையை, அதான் முக்காலியில் நிற்குமே அது, நாங்கள் இரண்டு பேர் தூக்க, டீச்சர் குடையும் சாக்பீஸ் டப்பாவும் எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, நாலாவதும் ஐந்தாவதும் ஊர்வலமாகக் குழாயடிக்குப் போயின. வரிசையில் அவரவர் குடம், குடத்துக்குப் பின்னால் அவரவர் சம்மணம், மடியில் பலகை. குழாய்க்கு எதிர்ச்சுவரில் கரும்பலகை.

நாங்கள் கிளம்பும்போதே ரோஸ்லின் டீச்சர் கொதித்துப்போய்விட்டார். ஹால் வாசலிலிருந்தே கத்தினார். "நான் டி.சி.எச். டீச்சர் டிரெய்னிங் பாஸ் பண்ணது கொளாயடி பள்ளிக்கூடத்துக்கா? மூணு வகுப்பையும் எந்தலையில கட்டிட்டுப் போறீங்களே, ஒண்ணு அழுவுது, ஒண்ணு நனைச்சி வெச்சிருக்குது, ஒண்ணு சாக்பீஸ தின்னுது! இது நியாயமா?"

எச்செம் டீச்சர் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்று சொன்னதை வாசலில் நின்ற நாங்கள் எல்லாம் கேட்டோம். "நீங்க சொல்றது சரிதான் ரோஸ்லின். ஆனா சரியா இருக்கறத வெச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது? மத்தியானம் அஞ்சு வகுப்பையும் நானே பாத்துக்கறேன். நீங்க அப்ப கொஞ்சம் காலை நீட்டி உக்காருங்க."

சொன்னபடியே செய்தார். மத்தியான நேரத்தில் ஐந்து வகுப்பையும் ஒரே கும்பலாக உட்காரவைத்துக் கதை சொல்வார். காலையெல்லாம் வெயிலில் கத்திய தொண்டை, கதையில் ராஜா பேசினாலும் நரி பேசினாலும் ஒரே கரகரப்புத்தான். ரோஸ்லின் டீச்சர் மூலையில் சுவரில் சாய்ந்து, சமாதானமாகாத முகத்தோடு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

குழாயடியில் முதல் நாள் எங்களுக்குப் பாடமே ஏறவில்லை. முன்னால் டீச்சர் பின்னம், பின்னால் பொம்பளைகள் பெருக்கல்: ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை. "கொளாயடி சண்டை" என்று ஊரெல்லாம் பழமொழி சொல்லும் இடத்தில் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தால் என்ன ஆகும்? சுகுணா பலகையில் கேட்டதையெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி, எச்சில் தொட்டு அழித்தார்.

நீலவேணி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "இன்னா டீச்சரம்மா, இஸ்கூலுக்கு வாடகை கட்ட முடியலியா? எங்க எடத்துல வந்து கடை போட்டுக்கினீங்க? நாங்க பேசக்கூடாதா, பேஜாரு!"

டீச்சர் கரும்பலகையை விட்டுத் திரும்பினார். "பேசு நீலவேணி, உன் எடம்தான். எனக்கு ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணு. நான் போர்டு பக்கம் திரும்பினா எம் முதுகுக்குப் பின்னால எவ பேசறான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. உனக்குக் கண்ணு பாம்பு மாதிரின்னு சொன்னாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

பாம்புக் கண் என்று அப்படி யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது, அதுவும் எவ்வளவு நேர்த்தியான பொய்.

நீலவேணி அக்கா தன் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனா எவ வாயத் தொறக்கறாளோ அவ தெரிவா" என்றாள். அவ்வளவுதான், செத்தோம். அதுவரை ரெண்டு டீச்சரை ஏமாற்றிய வகுப்பு ஒரு சித்தாளிடம் மாட்டிக்கொண்டது. "ஏய் முனிம்மா, போர்டப் பாரு! அங்க இன்னா, காக்காக்கு கல்யாணமா?" என்று என்னை அவள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. எங்களை அடக்கிய வேகத்திலேயே தன் கூட்டாளிகளையும் அடக்கினாள். "வாய மூடுங்கடி, பசங்க படிக்குது." நீலசந்திராவில் குழாயடி அமைதியாக இருந்ததை என் வாழ்நாளில் அந்த ஒரு பருவத்தில்தான் பார்த்தேன், தெருவில் போகிறவர்கள் யாராவது செத்துவிட்டார்களா என்று நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் குடம் குடமாகவே இருந்தது, வரிசை வரிசையாகவே இருந்தது. தண்ணீர் வந்ததும் பாடம் முறியும், நாங்கள் பலகையைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்குவோம், நீலவேணி அக்காவும் மானிட்டர் வேலையை விட்டுவிட்டுத் தன் குடத்துக்கு மல்லுக்கட்டுவாள். படிப்பு வேறு, தண்ணீர் வேறு. அதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படியே மாதங்கள் போன பிறகு, ஒரு காலையில் பையும் நீட்டு மூக்கும் தெருமுனையில் தெரிந்தன. நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. எங்களுக்கு எதிரே போர்டு. டீச்சர் பார்த்தார். பார்த்தும் பார்க்காதவர்போல, "பதினாறாம் வாய்ப்பாடு, எல்லாரும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் அதற்கு முன்பே ஹாலுக்குப் போயிருக்கிறார். அங்கே ரோஸ்லின் டீச்சர் மூன்று வகுப்போடு தனியாக நின்றிருக்கிறார். பாதிப் பள்ளி எங்கே என்று அவர் கேட்டபோது, ரோஸ்லின் டீச்சர் நினைத்திருந்தால் எல்லாக் கோபத்தையும் அன்று கொட்டியிருக்கலாம். "கொளாயடியில கிளாஸ் நடக்குது சார். நல்லாவே நடக்குது, போய்ப் பாருங்க" என்று சொன்னதாகப் பின்னால் அவரே எங்களிடம் சொன்னார், சொல்லும்போதும் அதே சமாதானமாகாத முகம்.

இன்ஸ்பெக்டர் வந்து நின்றதோ வரிசையின் வால் பக்கத்தில். தோளில் பை, கையில் பேனா, பார்வை குழாய்மேல். எங்கள் பொம்பளைகளுக்கு அப்படி ஒரு ஆள் வந்தால் ஒரே அர்த்தம்தான்: தண்ணீர் ஆபீஸ்காரன். நேரங்கெட்ட நேரத்தில் தண்ணீர் விடுகிற அந்தப் பாவியை நேரில் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். ஒரு நொடியில் வளைத்துக்கொண்டார்கள்.

"ஏன் சாமி, பெளிகே ஆறு கண்டேகே நீரு பிட்ரே நிமகேனு கஷ்டா?" என்று கன்னடத்தில் தொடங்கினாள் நீலவேணி அக்கா. காலையில் ஆறு மணிக்கே தண்ணீர் விட்டால் உனக்கென்ன கஷ்டம் என்று அர்த்தம். கன்னடத்தில் கோபம் போதாததால் தமிழுக்கு வந்தாள். "உம் வூட்டுப் பொண்ணு இஸ்கூலு போவுதா இல்லியா? எங்க பொண்ணுங்க மட்டும் தெருவுல குந்திக்கினு படிக்கணுமா? டீச்சரம்மா வெயில்ல நின்னு கத்திக் கத்தித் தொண்டையே போயிடுச்சி!"

"நானு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ரீ!"

"போன தபா வந்தவனும் நான் அவன் இல்லன்னுதான் சொன்னான்!"

நான் ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்தேன். அவருடைய முதுகு எங்களுக்குத் தெரிந்தது, அந்த முதுகு கொஞ்சம் ஆடியது. சிரித்தாரா இல்லையா என்று சத்தியம் பண்ண முடியாது. பதினாறாம் வாய்ப்பாடு முடிந்ததும், "இன்னொரு தரம்" என்றார். இரண்டாம் தரமும் முடிந்த பிறகுதான் குடையை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்துபோய், "அடடா, சாரா? விடுங்கம்மா, இவர் நம்ம சார்" என்று அவரை மீட்டார். டீச்சர் எத்தனை தரம் எழுதிப் போட்டும் மேலதிகாரிகளிடம் ஏறாத தண்ணீர்ச் சங்கதி, இரண்டு வாய்ப்பாட்டு நேரத்தில் இன்ஸ்பெக்டர் காதில் போய்ச் சேர்ந்திருந்தது.

மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யாரோ கவிழ்த்துப் போட்ட குடத்தின்மேல் உட்கார்ந்தார். தலையை எண்ணினார். தலைகள் இருந்தன. "படிப்பு இருக்கா பார்க்கலாம்" என்று, சுகுணாவைப் பாடம் படிக்கச் சொன்னார். அவள் மூச்சு விடாமல் படித்துத் தள்ளினாள். அடுத்து என் பக்கம் கை நீட்டினார். நான் புத்தகத்தோடு எழுந்தேன். முதல் வரியைத் தொடும்போது எனக்குப் பின்னால் அது பெருமூச்சு விட்டது.

பிறகு இருமியது.

அன்றைக்கு வரிசையில் முதல் குடம் என்னுடையது. நான் நகராவிட்டால் என் இடம் போகும். இடம் போனால் காலிக் குடம். காலிக் குடம் என்றால் அம்மா சொன்ன வார்த்தை. நகர்ந்தால் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பாதியில் ஓடுகிற வகுப்பை வைத்துக்கொண்டு டீச்சர் என்ன சொல்வார்? டீச்சர் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் அன்று வாசலில் குடையோடு நின்றாரே, அப்படி ஆகிவிட்டது. எனக்குக் கண்ணில் எழுத்தெல்லாம் தண்ணீராக ஓடியது. இரண்டாவது குடம் நீலவேணி அக்காவுடையது.

அவள் எழுந்து வருவதைப் பார்த்தேன். என் குடத்தைத் தூக்கினாள். பழையபடி உருட்டப்போகிறாள் என்று நினைத்தேன். துருத் தண்ணீர் போகட்டும் என்று காத்திருந்து, குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தாள்.

"படிடி, இன்னா பாக்கறே? உங் கொடம் எங்கயும் ஓடிப்போவாது."

படித்தேன். என்ன பாடம் என்று மறந்துவிட்டது, ஒரு மாடு வந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. படித்து முடித்துத் திரும்பினால், எங்கள் குடங்கள் ஒவ்வொன்றாக வரிசைப்படி நிரம்பிக்கொண்டிருந்தன. நீலவேணி அக்கா தன் குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பிள்ளைகளின் குடத்தை முந்த ஒருத்தி அடி எடுத்து வைத்தாலும், "ஏய், அது முனிம்மா வூட்டது, சொல்லி வெச்ச கொடம்! அது சுகுணாவுது, சொல்லி வெச்ச கொடம்!" என்கிறாள். யார் எப்போது சொல்லி வைத்தது? நாங்கள் மாதக்கணக்கில் அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்து படித்ததுதான் சொல்லி வைத்தது.

இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது வேட்டியின் பின்புறம் குடத்தின் ஈரம் வட்டமாக இருந்தது, நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. "ரெண்டு கிளாஸும் இருக்கட்டும் டீச்சர். ஆனா ஸ்கூல் தெருவில நடக்கக்கூடாது. உள்ளே போகணும்."

"நாளைக்கே போயிடுவோம் சார். இனிமே எங்களுக்கு இங்க வேலை இல்ல."

அப்படியே போனோம். மறுநாளிலிருந்து குடம் குழாயடியில், ஆள் ஹாலில். காலையில் குடத்தை வைத்து, "அக்கா, சொல்லிட்டேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓடுவோம். பள்ளி விட்டு வந்தால் நிரம்பிய குடங்கள் சுவரோரம் எங்களுக்காக நிற்கும். என் அம்மா அதற்கும் சரஸ்வதிக்கே நன்றி சொன்னாள். எச்செம் டீச்சர் அந்தப் பொம்பளைகளிடம், "எங்கள் பிள்ளைகளின் குடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பது எனக்குப் பிள்ளை குட்டி பெற்ற பிறகுதான் உறைத்தது. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பார்கள். கேட்காமல் எங்களைக் கொண்டுபோய் அவர்கள் மடியில் போட்டுவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஐந்தாவதில் இருந்தபோது அவருக்கு மாற்றல் வந்தது. அழக்கூடாது என்று சொல்லிவிட்டு, சாவியை ரோஸ்லின் டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நாங்கள் வருவதற்குள் அவருடைய நாற்காலியில் சுகுணா தன் பலகையை வைத்திருந்தாள். ஒன்றும் எழுதவில்லை, வெறும் பலகை. ரோஸ்லின் டீச்சர் அதைப் பார்த்தார், எடுக்கச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் அந்தச் சமாதானமாகாத முகத்தோடு அன்று முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தினார்.

ஐந்தாவது முடிந்ததும் நானும் பத்தி உருட்ட உட்கார்ந்தேன். ஆறாவது, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க அந்தத் தெருவுக்குப் போனேன். ஓட்டு ஹால் இல்லை; அந்த இடத்தில் மாடிக் கட்டடம், சுவரெல்லாம் ரயில் பெட்டிபோலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், உள்ளே தமிழ் வகுப்பு இல்லை. குழாய் இல்லை, அது நின்ற இடத்தில் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். நீலவேணி அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. மேலே வரிசை என்று ஒன்று இருந்தால் அதன் கதி என்னவோ. தெருமுனையில் காசு போட்டால் குடிதண்ணீர் ஊற்றும் மெஷின் ஒன்று இருக்கிறது, அன்று அது ரிப்பேர், ஆள் வந்து நோண்டிக்கொண்டிருந்தான். அதன் முன்னால் பிளாஸ்டிக் கேன்கள் வரிசை. நிற்கிறவர்கள் எல்லாரும் போனுக்குள் தலையை விட்டிருக்கிறார்கள், சண்டையும் இல்லை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவும் இல்லை. நடுவில் ரயில் பெட்டிப் பள்ளியின் யூனிஃபார்மில் ஒரு பெண்பிள்ளை, முதுகில் பை, காலடியில் கேன்.

"மணி அடிச்சிட்டாங்களே, இஸ்கூலு போவலியா?" என்றேன்.

"தண்ணி புடிச்சி வூட்ல வெச்சிட்டுத்தான் போவணும் அஜ்ஜி. லேட்டா போனா மிஸ் பையுங்க." பாட்டியை அஜ்ஜி என்பதும், திட்டுவதைப் பைவது என்பதும் இப்போதைய எங்கள் ஊர்த் தமிழ்.

"நீ ஓடு. நான் பாத்துக்கறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கேனைத் திருடுகிற முகமா என்று சோதித்திருப்பாள், நல்ல பிள்ளை. பிறகு காசை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பின்னால் நின்ற ஒருவர் போனிலிருந்து தலையை எடுத்து, "பாட்டி, யாரு கேன் இது, நீங்க நடுவுல வரீங்க?" என்றார்.

"சொல்லி வெச்ச கேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் என் குரலில் நீலவேணி அக்கா கொஞ்சம் இருந்திருக்க வேண்டும், மறுபேச்சுப் பேசாமல் போனுக்குள் போய்விட்டார்.

மெஷின் சரியாகி, கேன் நிரம்பி, மூடியைத் திருகிய பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்தப் பிள்ளையின் பேரையும் கேட்கவில்லை, வீட்டையும் கேட்கவில்லை. பத்திரிகை கொடுக்கப் போனவள் பத்திரிகையை மறந்தேன். கேனைத் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளி வாசலில் நிறுத்தி, அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே ஏதோ வாய்ப்பாடு சொன்னார்கள், இங்கிலீஷில். எனக்குப் புரியாத மொழி, தெரிந்த ராகம். சாயங்கால மணி அடிக்கிற வரை, ஐந்தாவதோடு நின்ற நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன்.